சராசரிக்குள் மறைந்திருந்த வாசல்: ஒரு சத்திரத்தின் சுவர்களை வகைப்படுத்திய அனுபவம்

தஞ்சாவூரிலிருந்து ராமேசுவரம் செல்லும் பழைய யாத்திரை வழியில் மராத்திய மன்னர்கள் காலத்துச் சத்திரங்கள் பல உள்ளன. இரண்டாம் சரபோஜி மன்னர் 1802இல் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் பலரும் அறிந்தது. நான் வேலை செய்தது அதே வழியில் உள்ள, பெயர் அவ்வளவாக வெளியே தெரியாத, இரண்டு முற்றங்கள் கொண்ட ஒரு சிறிய சத்திரத்தில். பூச்சு உரிந்து கிடந்த இடங்களில் எட்டிப் பார்த்தாலே போதும். ஓரிடத்தில் ஓடு போன்ற மெல்லிய செங்கல், பத்தடி தள்ளி இன்று நாம் பயன்படுத்தும் ஒன்பது அங்குலக் கல்லை ஒத்த கனமான செங்கல், இடையிடையே பிற்காலத்துச் சிமெண்ட் ஒட்டு என்று கட்டடம் பல கைகளைக் கண்டது என்பது தெரிந்துவிடும். பழுதுபார்க்கும் காரையை எந்தச் சுவருக்கு எப்படிக் கலப்பது என்று முடிவெடுக்க, எந்தெந்தச் சுவர்கள் ஒரே கட்டுமானத்தைச் சேர்ந்தவை என்று முதலில் அறிய வேண்டியிருந்தது. எல்லாச் சுவரிலிருந்தும் காரை மாதிரி எடுத்துச் சோதிக்கப் பணம் இல்லை. ஒன்பது மாதிரிகளுக்கு மட்டுமே வழி இருந்தது. அந்த ஒன்பதை எங்கே எடுப்பது என்ற கேள்வியிலிருந்துதான் இந்த வேலை தொடங்கியது.

கட்டடத்தை 34 சுவர்த் துண்டுகளாகப் பிரித்து வரைபடத்தில் எண்ணிட்டோம். அவற்றில் 27இல் மட்டுமே பூச்சை அகற்ற அனுமதித்தேன். எஞ்சிய ஏழில் பழைய சுண்ணாம்புப் பூச்சு இன்னும் பளிங்குபோல வழவழப்பாக, தட்டினால் வெற்றொலி இல்லாமல் நின்றது. கல்லின் அளவை அறிவதற்காக அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. திறந்த ஒவ்வொரு சுவரிலும் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாகப் பூச்சை மட்டும் நீக்கி, ஒரு சாளரம் எடுத்தோம். மேஸ்திரி உளியைச் சாய்த்துப் பிடித்து, சுத்தியலைக் கனமாக இறக்காமல், பூச்சு தானாகப் பெயரும் திசையைப் பார்த்துத் தட்டியதால் கற்களின் விளிம்பு பெரும்பாலும் சேதமடையவில்லை. அந்த விளிம்புதான் எங்களுக்கு எல்லாமே. விளிம்பு உடைந்துவிட்டால் பிறகு எதை அளப்பது?

ஒவ்வொரு சாளரத்திலும் 30 செங்கற்கள், ஆக மொத்தம் 810 கற்கள். நீளவாக்கில் கிடந்த கல்லில் நீளமும், குறுக்காகக் கிடந்த கல்லில் அகலமும், இரண்டிலும் உயரமும் எடுத்தோம். கற்களுக்கு இடையேயுள்ள காரைப் படுகையின் கனம், உடைந்த துண்டுக் கற்களின் பங்கு, காரையில் தெரியும் சுண்ணாம்புக் கட்டிகளின் எண்ணிக்கை, ஒரே ஆணியை ஒரே அழுத்தத்தில் பத்து முறை இழுத்தபோது காரையில் விழுந்த கீறலின் ஆழம் ஆகியவற்றையும் குறித்துக்கொண்டோம். இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்தேன். இத்தாலியில் நிலநடுக்கப் பகுதிகளின் பழைய சுவர்களை மதிப்பிடுவதற்குப் பெரூஜியா ஆய்வாளர்கள் வகுத்த சுவர்த்தரக் குறியீட்டு முறையில் குறுந்தடம் என்று சொல்லத்தக்க ஓர் அளவு உண்டு. சுவர் முகத்தில் செங்குத்தாக ஒரு மீட்டர் இடைவெளியில் இரு புள்ளிகளைக் குறித்து, எந்தக் கல்லையும் வெட்டாமல் காரைச் சந்துகள் வழியாகவே மேலிருந்து கீழே வரும் மிகக் குறுகிய பாதையின் நீளத்தை அளப்பார்கள். கற்கள் ஒன்றன்மேல் ஒன்று நன்றாக மாறி அமர்ந்திருந்தால் பாதை வளைந்து வளைந்து 1.6 மீட்டருக்கு மேல் போகும், 1.4 மீட்டருக்குக் கீழே இருந்தால் கற்களின் பிணைப்பு மோசம் என்று பொருள். சீரான கட்டில் இதைக் கணக்காகவே போடலாம்: வரிக்கு வரி உயர இடைவெளி 76 மில்லிமீட்டர், மேல்வரிக் கல் கீழ்வரிக் கல்லின் சந்தைத் தாண்டி அமரும் தூரம் 55 மில்லிமீட்டர் என்றால், ஒரு மீட்டருக்கு 1 + 55/76, அதாவது 1.72 மீட்டர் வரும்.

அளவெடுப்பில் முதல் வாரமே ஒரு பாடம் கிடைத்தது. ஒரே சாளரத்தை நானும் என் உதவியாளரும் ஒருவர் குறிப்பை மற்றவர் பார்க்காமல் அளந்தோம். கல்லின் நீளத்தில் எங்கள் இருவருக்கும் சராசரியாக ஒரு மில்லிமீட்டர்தான் வேறுபட்டது. ஆனால் காரைப் படுகையின் கனத்தில் மூன்று மில்லிமீட்டர் வேறுபட்டது. பன்னிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள படுகையில் மூன்று மில்லிமீட்டர் பிழை என்பது கால் பங்கு. கையால் அறுத்த கல்லின் விளிம்பு உருண்டிருக்கிறது. காரை அதன்மேல் வழிந்து நிற்கிறது. படுகை எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்பதை ஆளுக்கு ஆள் வேறு இடத்தில் காண்கிறோம். இப்படியே விட்டிருந்தால் கணினி சுவர்களைப் பிரிப்பதற்குப் பதிலாக அளந்த ஆட்களைப் பிரித்துக் காட்டியிருக்கும். ஆகவே படுகையைத் தனித்தனியே அளப்பதைக் கைவிட்டு, பத்து வரிகளின் மொத்த உயரத்தை ஒரே எஃகு நாடாவால் அளந்து, பத்தால் வகுத்து, அதிலிருந்து கல்லின் சராசரி உயரத்தைக் கழித்தோம். இருமுனையிலும் ஏற்படும் பிழை பத்து வரிகளுக்குப் பகிரப்பட்டு, எங்கள் இருவரின் வேறுபாடு அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிட்டது.

அடுத்த தவறு மேசையில் நடந்தது. 810 கற்களையும் 810 வரிகளாக அப்படியே ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் இட்டு, ஒவ்வொன்றையும் அதற்கு மிக அருகிலுள்ள சராசரியோடு சேர்த்துக் குழுவாக்கும் கே-சராசரி முறையில் மூன்று கொத்துகளாகப் பிரிக்கச் சொன்னேன். ஒரே சுவரின் கற்கள் மூன்று கொத்துகளிலும் சிதறின. இதற்குக் கணினியைக் குறை சொல்ல முடியாது. களிமண் அச்சிலிருந்து வெளிவந்து வெயிலில் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்குகிறது. சூளையின் நடுவில் வெந்த கல்லும் ஓரத்தில் வெந்த கல்லும் ஒரே அளவாக இருப்பதில்லை. தனிக் கல் ஒன்றின் அளவு அது எந்தச் சுவரைச் சேர்ந்தது என்பதைச் சொல்லாது. முப்பது கற்களின் சராசரி சொல்லும். அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதைச் சொல்லும் திட்ட விலக்கம் கல்லுக்குக் கல் 5 மில்லிமீட்டர் என்றால், முப்பது கற்களின் சராசரியில் எதிர்பார்க்கக்கூடிய பிழை 5ஐ முப்பதின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும் 0.9 மில்லிமீட்டர் மட்டுமே. நாங்கள் வகைப்படுத்த வந்தது சுவரை என்பதால், ஆய்வின் அலகும் சுவராகவே இருக்க வேண்டும். 810 வரிகள் 27 வரிகளாகச் சுருங்கின.

27 சுவர்களுக்கு எட்டு அளவைகள் என்பது மிக அதிகம். நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. மூன்றையும் தனித்தனியே எண்ணினால் கல்லின் அளவு என்ற ஒரே செய்திக்கு மூன்று வாக்குகள் கொடுத்ததாகிவிடும். இந்தச் சிக்கலுக்கு நம் நாட்டில் பிறந்த தீர்வு ஒன்று இருக்கிறது. கொல்கத்தாவில் புள்ளியியலாளர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் மனித உடலளவுகளை ஒப்பிடும் வேலையிலிருந்து 1936இல் வகுத்த தொலைவு, அளவைகளுக்கு இடையேயான உறவைக் கணக்கில் எடுத்துக்கொண்டே இரண்டு குழுக்கள் எவ்வளவு விலகியுள்ளன என்று சொல்கிறது. பின்னர் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் கேம்பிரிட்ஜுக்குச் சென்று, சூடானின் ஜெபல் மோயாவில் அகழ்ந்தெடுத்த எலும்புகளை அளந்து ஆராய்ந்ததும் இந்த வழியில்தான். மண்டையோட்டின் அளவுகளுக்குப் பொருந்துவது செங்கல்லின் அளவுகளுக்கும் பொருந்தும். இரண்டிலும் பல அளவைகள் ஒன்றையொன்று சார்ந்தே நிற்கின்றன. ஆனால் 27 சுவர்களை வைத்து எட்டு அளவைகளின் பரஸ்பர உறவுகளை நம்பத்தக்க விதத்தில் கணிக்க இயலாது என்பதால், சேர்ந்தே மாறும் அளவைகளை ஒன்றாகத் திரட்டிக் காட்டும் முதன்மைக் கூறு பகுப்பாய்வைப் பார்த்தும், அளவெடுப்பில் எது நம்பகமானது என்ற என் அனுபவத்தைக் கொண்டும் ஐந்து அளவைகளை மட்டும் நிறுத்திக்கொண்டேன்: கல்லின் உயரம், நீளம், வரி இடைவெளியிலிருந்து பெற்ற படுகைக் கனம், துண்டுக் கற்களின் பங்கு, குறுந்தடம். காரையின் தன்மைகளை வேண்டுமென்றே விலக்கி வைத்தேன். வகைப்படுத்தலில் பயன்படுத்திய சான்றையே வகைப்படுத்தலைச் சரிபார்க்கவும் பயன்படுத்த முடியாது. காரை பின்னால் சாட்சி சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று கொத்துகள் தெளிவாக வந்தன. ஒரு சுவர் தன் கொத்தோடு எவ்வளவு நெருங்கி, அடுத்த கொத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை −1 முதல் +1 வரை சொல்லும் சில்லவெட் மதிப்பின் சராசரி, இரண்டு கொத்துகளுக்கு 0.55, மூன்றுக்கு 0.58, நான்குக்கு 0.41 என்று வந்தது. முதல் வகையில் 12 சுவர்கள். கல்லின் உயரம் சுமார் 32, நீளம் சுமார் 168 மில்லிமீட்டர். இரண்டாம் வகையில் 6 சுவர்கள். உயரம் 45, நீளம் 190. மூன்றாம் வகையில் 9 சுவர்கள். உயரம் 65, நீளம் 222. ஒவ்வொரு சுவரின் முப்பது கற்களிலிருந்தும் மறுபடி மறுபடி குலுக்கி எடுத்து, 500 முறை வகைப்படுத்தலைத் திரும்பச் செய்தேன். பெரும்பாலான சுவர்கள் ஒவ்வொரு முறையும் தம் கொத்தை விட்டு நகரவில்லை.

இந்த இடத்தில் காலக் கணிப்பில் இறங்கிவிடும் ஆசை வரும். இத்தாலியின் ஜெனோவா நகரத்தில் தொல்லியலாளர் டிசியானோ மன்னோனியும் அவரோடு வேலை செய்தவர்களும் செங்கல் அளவுகளின் சராசரியைக் கொண்டே சுவர்களின் காலத்தைக் கணித்தார்கள். அது அங்கே இயன்றதற்குக் காரணம், ஆண்டு உறுதியாகத் தெரிந்த கட்டடங்களின் அளவுகளைக் கொண்டு அந்த ஊருக்கென ஒரு வளைகோட்டை முதலில் வரைந்துகொண்டார்கள் என்பதுதான். எங்களிடம் அப்படியொரு வளைகோடு இல்லை. ஓர் ஊர்ச் சூளையின் அச்சு அடுத்த ஊருக்குப் பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. ஆகவே நான் 'முந்தியது, பிந்தியது' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கும் ஆதாரம் புள்ளிவிவரம் அன்று: இரண்டாம் முற்றத்தின் மூலையில் முதல் வகைச் சுவரின் வழவழப்பான பூச்சு மூன்றாம் வகைச் சுவரின் பின்னால் தொடர்ந்து ஓடுவதை ஒரு விரற்கடை இடுக்கில் கண்ணால் கண்டோம். பூசி முடித்த சுவரின்மேல் சாய்த்துத்தான் பிந்தைய சுவரைக் கட்டியிருக்கிறார்கள்.

இனி, இந்தப் பதிவை எழுதத் தூண்டிய சுவருக்கு வருகிறேன். வரைபடத்தில் அதன் எண் 19. மடைப்பள்ளியையும் இரண்டாம் முற்றத்தையும் பிரிக்கும் சுவர் அது. அதன் சராசரிக் கல் உயரம் 44, நீளம் 188. கொத்தாக்கம் அதைத் தயக்கமின்றி இரண்டாம் வகையில் சேர்த்தது. 500 மறுகுலுக்கல்களில் 490 முறை அது அங்கேயே நின்றது. மடைப்பள்ளியின் மற்றச் சுவர்களும் இரண்டாம் வகை என்பதால் இடமும் பொருத்தமாகவே தோன்றியது. அந்தச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் இருந்தது. அதன்மேல் மூன்று தலைமுறைச் சிமெண்ட் ஒட்டுகள் இருந்தன. "எத்தன தடவ பூசுனாலும் ஐப்பசி மழைக்கு அது மறுபடி வாயத் தொறந்துடும் சார்" என்று மேஸ்திரி முதல் நாளே சொல்லியிருந்தார். நான் அதைச் சிமெண்டின் குறை என்று எடுத்துக்கொண்டு, இரண்டாம் வகைக்கான காரையை அங்கே பூசத் திட்டமிட்டேன்.

வரைவு அறிக்கையை எழுதும்போது, ஒவ்வொரு சுவரின் சராசரிக்கு அருகில் அதன் சிதறலையும் அட்டவணையில் சேர்க்கலாம் என்று, திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து வரும் மாறுபாட்டுக் கெழுவைக் கணக்கிட்டேன். மற்ற 26 சுவர்களிலும் கல் உயரத்தின் கெழு 5 முதல் 9 விழுக்காட்டுக்குள் இருந்தது. சுவர் 19இல் 37. தட்டச்சுப் பிழை என்றே நினைத்துக் களக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். பிழை இல்லை. முப்பது கற்களின் உயரங்களை ஒரு கோட்டில் புள்ளிகளாக வைத்தபோது, பத்தொன்பது புள்ளிகள் 32இன் பக்கத்தில் கூடி நின்றன. பதினொன்று 65இன் பக்கத்தில் கூடி நின்றன. நடுவில் வெறும் வெளி. 44 மில்லிமீட்டர் உயரமுள்ள கல் ஒன்றுகூட அந்தச் சுவரில் இல்லை. இல்லாத ஒரு கல்லை வைத்து அந்தச் சுவருக்கு வகை சொல்லியிருக்கிறேன். மறுகுலுக்கலும் அதை ஆமோதித்தது ஏன் என்பது அப்போது புரிந்தது. அந்தச் சோதனை கேட்கும் கேள்வி, சராசரி எவ்வளவு உறுதியானது என்பது மட்டுமே. இரண்டு வேறு கூட்டங்களின் கலவைச் சராசரியும் உறுதியாகவே நிற்கும். அதன் எதிர்பார்க்கும் பிழை மூன்று மில்லிமீட்டர்தான், அடுத்த வகையோ பன்னிரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது.

குறிப்பேட்டின் அதே பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. சுவர் 19க்கு எடுத்த மூன்று குறுந்தட அளவுகள்: 1.71, 1.00, 1.78. நடுவில் உள்ள 1.00ஐ என் கையாலேயே அடித்து, ஓரத்தில் 'அளவெடுப்புப் பிழை, நீக்கவும்' என்று எழுதியிருக்கிறேன். 1.00 என்றால் மேலிருந்து கீழே ஒரு கல்லும் குறுக்கிடாத நேர்கோடு. கட்டிய சுவரில் அது எப்படி வரும் என்று அன்று நினைத்திருக்கிறேன். உதவியாளர் ஒழுங்காகத்தான் அளந்திருந்தார். அவரிடம் நான் கேட்கவே இல்லை. மற்ற இரண்டின் சராசரியை இட்டு நிரப்பியதால், அந்தச் சுவரைப் பற்றிய மிக முக்கியமான ஒரே எண் கணினிக்குள் போகவே இல்லை. இந்தத் தவறு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மறுநாள் காலை சாளரத்தைக் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் அகலப்படுத்தினோம். சிமெண்ட் ஒட்டைப் பெயர்த்ததும் இடது பக்கம் மெல்லிய கற்கள், ஒரு வரியில் முழுக்கல், அடுத்த வரியில் அரைக்கல் என்று மாறி மாறி வந்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தது போல ஒரே நேர் விளிம்பில் முடிந்தன. அந்த விளிம்பின்மேல் சுண்ணாம்புப் பூச்சின் மெல்லிய படலம் இன்னும் ஒட்டியிருந்தது. அதில் முழங்கால் உயரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு கருமை. அது வாசலின் நிலைக்கால் ஓரம். மடைப்பள்ளியிலிருந்து முற்றத்துக்குப் பாத்திரம் சுமந்து சென்றவர்களின் ஆடையும் கையும் உராய்ந்த இடம். வலது பக்கம் அந்த வாசலைப் பின்னாளில் கனமான கல்லால் அடைத்திருக்கிறார்கள். பழைய சுவரில் கல்லைப் பெயர்த்துப் புதுக் கல்லைக் கோத்துக் கட்டாமல், பூச்சின்மேலேயே நேராகச் சாய்த்து அடைத்திருக்கிறார்கள். இரண்டு பகுதிகளுக்கும் இடையே ஒரு கல்கூடப் பாலமாக இல்லை. மழையில் மண் ஊறி அசையும்போதெல்லாம் அந்த நேர்ச் சந்து திறக்காமல் என்ன செய்யும்? எங்கள் சாளரம் தற்செயலாக அந்த விளிம்பின் இருபுறமும் விழுந்திருந்தது.

சுவர் 19ஐ அட்டவணையிலிருந்து நீக்கி, இடப்புறத்தை ஒரு வரியாகவும் வலப்புறத்தை ஒரு வரியாகவும் பிரித்து, 28 வரிகளோடு மறுபடி ஓட்டினேன். இடப்புறம் முதல் வகைக்கும் வலப்புறம் மூன்றாம் வகைக்கும் போயின. 13, 5, 10 என்று எண்ணிக்கை மாறியது. அதன்பிறகு ஒவ்வொரு சுவருக்கும் சராசரியைப் பார்ப்பதற்கு முன் முப்பது புள்ளிகளையும் கோட்டில் வைத்துப் பார்த்தேன். இன்னொரு சுவரில் மூன்று கனமான கற்கள் தனியே நின்றன. போய்ப் பார்த்தால் அது பழைய விளக்குமாடம் ஒன்றை அடைத்த இடம்.

ஒன்பது காரை மாதிரிகளை வகைக்கு மூன்றாக எடுத்தோம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும்; எஞ்சியதைக் கழுவி, உலர்த்தி, சல்லடையில் சலித்தோம். இரண்டாம் வகையின் மூன்று மாதிரிகளிலும் செங்கற்பொடியின் சிவப்பு அடியில் தங்கியது. நீர் படும் இடத்துக்குச் சுர்க்கி எனும் இந்தச் செங்கற்பொடியைச் சேர்ப்பது வழக்கம் என்பதால், மடைப்பள்ளிச் சுவர்களில் அது இருப்பது பொருத்தமே. முதல் வகையில் நுண்மணல். கைக்கண்ணாடியில் கிளிஞ்சல் துணுக்குகள் தெரிந்தன. கிளிஞ்சலும் அமிலத்தில் கரையும் என்பதால் கரைந்த எடை முழுவதையும் சுண்ணாம்பு என்று எண்ணிவிடக் கூடாது. எனவே முதல் வகைக்குச் சுண்ணாம்பின் பங்கை அமிலக் கணக்கை விடக் குறைத்தே கலந்தோம். மூன்றாம் வகையில் பருமணல். காரையைக் கேட்காமலே செய்த வகைப்படுத்தலைக் காரை உறுதிசெய்தது எனக்கு நிறைவளித்தது. ஆனால் இரண்டாம் வகை வேறு காலத்தைச் சேர்ந்ததா, அல்லது நீர் புழங்கும் இடம் என்பதால் தேர்ந்தெடுத்த வேறு கல்லும் காரையுமா என்பதை இந்த அளவுகள் தீர்க்கவில்லை. அறிக்கையில் அதை அப்படியே எழுதினேன்.

சுவர் 19இன் நேர்ச் சந்தில் ஐந்து வரிக்கு ஒரு முறை இருபக்கத்துக் கற்களையும் பெயர்த்து, இரண்டு பக்கமும் போய் அமரும்படி நீளமான கட்டுக்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் பதித்தோம். காரை இறுகும்வரை ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் நீர் தெளித்தார்கள். புதிதாக எடுத்த குறுந்தட அளவு 1.46. நல்ல கட்டுக்கு உரிய அளவு அது இல்லை. இருக்கும் சுவரைக் கலைக்காமல் எட்டக்கூடியது அவ்வளவுதான். பழைய விரிசல் ஓடிய கோட்டின் குறுக்கே மூன்று மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, தேதியை எழுதி வைத்தோம். ஐப்பசியும் கார்த்திகையும் கழிந்து மார்கழித் தொடக்கத்தில் பார்த்தபோது மூன்றும் உடையாமல் இருந்தன. ஒரு மழைக்காலம் மட்டுமே என்பதால் அவற்றை எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறோம்.

பூச்சைத் திறக்காத ஏழு சுவர்களுக்கு வகை எதையும் நான் கொடுக்கவில்லை. பக்கத்துச் சுவர்களை வைத்து ஊகித்து நிரப்பலாம் என்று ஒருவர் கேட்டார், 1.00ஐ நான் எப்படி நிரப்பினேன் என்பதை அவருக்குக் காட்டினேன். சத்திரத்தின் வரைபடத்தில் மற்றச் சுவர்கள் மூன்று வண்ணங்களில் இருக்க, அந்த ஏழும் வெறும் கோடுகளாகவே இருக்கின்றன.